தானியங்கித் தடையும் மனிதப் பொறுப்பும்

பிரிக்பீல்ட்ஸில் நடைபெறும் துணைப்பாட வகுப்பாக இருந்தாலும் கிள்ளானில் உள்ள பள்ளிக் கழகமாக இருந்தாலும், மாணவர்களை இணைக்க இன்று உரையாடல் குழு ஒன்று தேவைப்படுகிறது. வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, போட்டி அறிவிப்பு ஆகியவை அங்கேதான் பகிரப்படுகின்றன. உறுப்பினர் பெருகப் பெருக, ஒவ்வொரு செய்தியையும் படித்துப் பார்க்கக் குழு நிர்வாகிக்கு நேரம் இருப்பதில்லை. ஆகவே, அப்பணி ‘தானியங்கி’ எனப்படும் சிறு நிரலிடம் ஒப்படைக்கப்படுகிறது. டெலிகிராம் செயலி 2015ஆம் ஆண்டிலேயே இதற்கு வழி திறந்தது. விதியை மீறியவரைத் தடை செய்யும் வேலையைத் தானியங்கியிடம் விடலாம். ஆனால், தடைக்குப் பின்னர் அவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை மனிதரே ஏற்க வேண்டும்.

தானியங்கியின் பயனை மறுப்பதற்கில்லை. இணையப் பகடிவதைக்கு இரவு பகல் கிடையாது. ஒருவரை இழிவுபடுத்தும் செய்திகள் நள்ளிரவில் அடுக்கடுக்காக வரும்போது, நிர்வாகி விழித்தெழும்வரை அவை அப்படியே கிடப்பது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் அநீதியாகும். 2024 ஜூலையில், இணையப் பகடிவதைக்கு ஆளான ஓர் இளம்பெண் கோலாலம்பூரில் உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. அதன் பின்னர்த் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடைமுறைக்கு வந்தன. விரைந்து தடுப்பது இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை.

இருப்பினும், விரைவு வேறு, நீதி வேறு. தானியங்கி சொல்லைப் பார்க்குமே தவிர, சொன்னவரின் நோக்கத்தை அறியாது. ‘மாடு’ என்னும் சொல் வசையாகவும் வரும். பொங்கல் விழாவைப் பற்றிய பேச்சில் இயல்பாகவும் வரும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசப்படும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் குழப்பம் இன்னும் மிகுதி. நிரலில் நேரும் சிறு பிழையும் பெருந்தண்டனையாக மாறலாம். டெலிகிராமில் 30 நொடிக்குக் குறைவாகவோ 366 நாளுக்கு மேலாகவோ தடைக்காலம் குறித்தால், அது நிரந்தரத் தடையாகிவிடும். 20 நொடி மட்டும் ஒருவரை விலக்கி வைக்க எண்ணியவர், அவரை என்றென்றைக்கும் வெளியேற்றியிருப்பார். அந்த மாணவருக்குத் தேர்வு அறிவிப்பும் வந்து சேராது, காரணமும் தெரியாது.

பழைய வரலாறும் இதையே உணர்த்துகிறது. 1988இல் ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் ஜார்க்கோ ஓய்காரினன் ‘ஐஆர்சி’ என்னும் உரையாடல் முறையை உருவாக்கினார். தம் நண்பரை யாராவது தடை செய்தால், அத்தடையை நீக்கி, தடை செய்தவரையே வெளியேற்றும் நிரல்களை அதன் பயனர் சிலர் எழுதி வைத்தனர். எதிர்த்தரப்பினரிடமும் அத்தகைய நிரல் இருந்தால், இரண்டும் ஓயாமல் மோதிக்கொள்ளும். தானியங்கிப் பதில்கள் முடிவில்லாமல் சுழலக்கூடும் என்பதை அம்முறையை வகுத்தவர்களும் அறிந்திருந்தனர். எனவேதான், ‘அறிவிப்பு’ வகைச் செய்திக்குத் தானாகப் பதில் அனுப்பவே கூடாது என்று 1993இல் வெளிவந்த விதிமுறை ஆவணம் கூறியது. ‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்பார்கள். ஆத்திரத்தை நிரலாக எழுதி வைத்தால், அது தணிவதற்கும் வாய்ப்பில்லை.

ஆகவே, பள்ளிக் குழுக்களுக்குத் தானியங்கி அமைப்போர் சில வரம்புகளைக் கடைப்பிடிக்க வேண்டும். முதல் மீறலுக்குத் தற்காலிகத் தடையே போதுமானது. எந்த விதி மீறப்பட்டது, தடை எப்போது நீங்கும், யாரிடம் முறையிடலாம் என்பனவற்றை அறிவிப்பு தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லார் முன்னிலையிலும் ஒருவரை அவமானப்படுத்தும் கேலி வாசகம் அதில் இடம்பெறக் கூடாது. முறையீட்டை ஆசிரியரோ நிர்வாகியோ ஒரு நாளுக்குள் படித்து முடிவெடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்று சிலர் வாதிடலாம். ஆயிரம் செய்திகளைப் படிக்கும் சுமையைத் தானியங்கி குறைத்துவிட்ட பிறகு, இரண்டு மூன்று முறையீடுகளைப் படிப்பது பெருஞ்சுமையன்று. மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியைத் தொங்கவிட்டான் என்பது நாம் அறிந்த கதை. அந்த மணியின் ஓசையைக் கேட்டு வெளியே வர அரசன் ஒருவன் இருந்ததால்தான் கன்றை இழந்த பசுவுக்கு நீதி கிடைத்தது. கணினி அறிவியல் பயிலும் இன்றைய மாணவர்களே நாளைய குழுக்களுக்கு நிரல் எழுதப் போகிறவர்கள். தடை விதிக்கும் கட்டளையை எழுதும்போதே, முறையீட்டைக் கேட்கப் போகும் மனிதர் யார் என்பதையும் அவர்கள் முடிவு செய்துகொள்ள வேண்டும்.