தணிகை யானை கிழக்கே பார்க்கிறது

கனகம்மாசத்திரத்தில் இருபது வருடமாக கேபிள் இணைப்பு கொடுத்து வருகிறேன். சீரியல் வரவில்லை என்று போன் செய்கிற பெரியவர்கள் சாயங்காலம் வரை பொறுப்பார்கள். ‘அண்ணா, போகோ வரல’ என்று கூப்பிடுகிற பிள்ளை பொறுக்காது. அப்படிப் போய் ஒயரைச் சரிசெய்து, படம் ஓடுகிறதா என்று நின்ற நேரத்திலேயே எத்தனையோ கார்ட்டூன் பார்த்துவிட்டேன்.

2008-ல் தொடங்கிய சோட்டா பீமைத் தெரியாத பிள்ளை இங்கே இல்லை. ஹைதராபாத்தில் உருவான தொடர். டோலக்பூர் என்று ஒரு கற்பனை ஊர். லட்டைத் தின்றதும் பீமுக்குப் பலம் வரும், எதிரி அடிபட்டு ஓடுவான். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் நாளைக்கும் அதே அடிதான். அடித்தவனின் கோபம் பிறகு என்ன ஆனது என்று நான் நின்று பார்த்தவரை யாரும் கேட்டதில்லை.

அதைக் கேட்ட தொடர் ஒன்றை என் மகன் காட்டினான். ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’, 2005 முதல் 2008 வரை 61 பகுதிகள். ஆங் என்ற 12 வயதுத் துறவிப் பையன். அவனுடைய மக்களை மொத்தமாக அழித்தது நெருப்பு நாடு. அந்நாட்டு அரசனைக் கொன்றுவிடு என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள். பையன் தவித்துப்போகிறான். கடைசியில் அரசனின் நெருப்புச் சக்தியை மட்டும் எடுத்துவிட்டு உயிரோடு விடுகிறான். முடிந்ததும் நான் நினைத்தது எங்கள் மலையைத்தான்.

சூரனும் சாகவில்லையே. மயிலாகவும் சேவலாகவும் முருகனோடேயே இருந்துவிட்டான். அந்தப் போர் முடிந்து, சினம் தணிந்து, வேலவன் வந்து அமர்ந்த இடம் திருத்தணிகை. ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும், இங்கே கிடையாது. சுவாமிக்குப் பூவைக் கொட்டி அர்ச்சிப்பார்கள். சண்டை முடிந்த பிறகு வீரன் என்ன செய்வான் என்ற கதை ஒரு மலையாகவே நம் முன்னால் நிற்கிறது.

சந்நிதிக்கு எதிரே இருக்க வேண்டிய மயிலின் இடத்தில் இங்கே யானை. தெய்வானைக்குச் சீதனமாக இந்திரன் கொடுத்த ஐராவதம். அது போனதும் தேவலோகத்தின் செல்வம் குறைந்தது. யானையின் பார்வையாவது தன் ஊர்ப்பக்கம் இருக்கட்டும் என்று இந்திரன் வேண்டிக்கொண்டான். அதனால் அது சுவாமிக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்க்கிறது. புகுந்த வீட்டிலிருந்து பிறந்த வீட்டைப் பார்த்து நிற்கிற ஒரு யானை! இதைவிட என்ன பாத்திரம் வேண்டும்?

1967-ல் ஏ.பி. நாகராஜன் ‘கந்தன் கருணை’ எடுத்தார். ஜெயலலிதா வள்ளி, கே.ஆர். விஜயா தெய்வானை. அதை டிவியில் போட்டால் என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். 2007-ல் சுட்டி டிவி வந்ததும் கார்ட்டூன் பாத்திரங்கள் நன்றாகவே தமிழ் பேசின. ஆனால் நான் பார்த்தவற்றில் அவர்கள் நடந்த தெரு நம் தெருவாக இல்லை.

தமிழ்ச் சேனல் நடத்துகிறவர்களையும், சென்னையில் அனிமேஷன் படித்துவிட்டு வெளிநாட்டுப் படங்களுக்கு வேலை செய்யும் பிள்ளைகளையும் கேட்கிறேன். ஒரு ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள். காவடியோடு அரோகரா போட்டு நடக்கிற கூட்டத்தைப் பாருங்கள். ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் பேசுகிற பையன்களைக் கேளுங்கள். 365 படியும் ஏறுங்கள். மூச்சு எங்கே வாங்குகிறது என்று தெரிந்தால்தான் ஏறுகிறவனை வரைய முடியும். வள்ளி கவண் சுற்றிக் கிளி விரட்டிய தினைப்புனத்துக்கு வள்ளிமலை இருக்கிறது.

முதல் காட்சி அந்த யானையின் கண்ணிலிருந்து தொடங்கட்டும். அது பார்க்கிற கிழக்கில்தான் எங்கள் சத்திரமும் இருக்கிறது.