உப்பு ஏறிய நிலம் செத்த நிலமா?



"கடல் தண்ணி ஏறின வயல்ல இனி ஒண்ணும் வெளையாது, இறால் குட்டைக்குக் குடுத்துடு." நம் நாகை மாவட்டக் கரையோர ஊர்களில் 2004 சுனாமிக்குப் பிறகு கிளம்பிய பேச்சு இது. இன்றும் ஓயவில்லை. இதை நான் ஏற்கவில்லை. காரணம் சொல்கிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் ஏறக்குறைய 10.8 கிராம். கால்சியமோ வெறும் 0.4 கிராம்தான். வேரின் செல்சவ்வை உறுதியாகப் பிடித்து வைத்திருப்பது கால்சியம். சோடியம் கூட்டமாக வந்து அதை விரட்டிவிட்டால் சவ்வு ஓட்டைப் பாத்திரம் மாதிரி ஆகிவிடும். பயிருக்கு வேண்டிய பொட்டாசியம் வெளியே கசியும், வேண்டாத சோடியம் உள்ளே நுழையும். கால்சியம் போதுமான அளவு இருந்தால் இந்தக் கேடு குறையும். 1969இல் லாஹே, எப்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள் பீன்ஸ் செடியில் இதைச் செய்து காட்டினார்கள்.

மண்ணிலும் இதே கதைதான். களிமண் துகளில் சோடியம் ஒட்டினால் மண் இறுகி, தண்ணீர் கீழே இறங்காது. ஜிப்சம் போட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். பிறகு நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் சோடியம் கழுவிக்கொண்டு போகும். சுனாமிக்குப் பின் நம் பக்கத்து வயல்கள் மீண்டதற்குப் பருவமழை இப்படிக் கழுவிவிட்டதும் பெரிய காரணம்.

அதற்காக "மூட்டை மூட்டையா ஜிப்சம் கொட்டு" என்று நான் சொல்லவில்லை. களர் வேறு, உவர் வேறு. பி.எச். 8.5க்கு மேல் போன களர் நிலத்துக்குத்தான் ஜிப்சம் மருந்து. வெறும் உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும். வடிகால் இல்லாத இடத்தில் ஜிப்சம் போட்டால் காசுதான் கரையும். ஜிப்சமும் ஓர் உப்புதானே!

ஆகவே என் கருத்து இதுதான்: நிலத்தை விற்பதற்கு முன் மண்ணைச் சோதிக்க வேண்டும். வயலில் பல இடங்களில் அரை அடி ஆழத்து மண் எடுத்து, கலந்து, அரை கிலோ கொண்டுபோனால் மண் பரிசோதனை நிலையத்தில் பார்த்துச் சொல்வார்கள். இதை வீட்டில் எடுத்துச் சொல்ல நம்மைவிட யார் இருக்கிறார்கள்?

நம் பள்ளியிலும் ஒன்று செய்யலாம். மணல் நிரப்பிய இரண்டு தொட்டிகளில் பீன்ஸ் விதைப்போம். இரண்டுக்கும் லிட்டருக்கு 3 கிராம் உப்பு கலந்த தண்ணீர். ஒன்றில் மட்டும் கொஞ்சம் ஜிப்சம். அறிவியல் ஆசிரியர் அனுமதி தந்தால் தண்ணீர் ஊற்றும் வேலையை நான் ஏற்கிறேன். எந்தச் செடி தலை நிமிர்கிறது என்று எல்லாரும் வந்து பாருங்கள்.

உப்பைக் கண்டு ஓட வேண்டாம், மண்ணை அறிந்து மீட்போம்!

– 11ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு