பரங்கிப்பேட்டை இரும்புத் துரை

திருத்தணிகை மலையின் 365 படிகளையும் ஏறி வேலவனைத் தரிசிக்கும் நேயர்கள், அடிவாரத்து ஊரின் வழியே ஓடும் ரயில் பாதையின் இரும்பைப் பற்றி எண்ணியிருக்க மாட்டார்கள். இன்று நமக்குத் தண்டவாளம் பிலாயில் உருவாகிறது. ஆனால் 1856-ம் ஆண்டில், ராயபுரத்திலிருந்து அரக்கோணம் மார்க்கமாக வாலாஜா வரையில் தென்னாட்டின் முதல் ரயில் ஓடியபோது, தண்டவாளம் சீமையிலிருந்து கப்பலேறி வந்தது. சேலத்தில் கஞ்சமலை என்று ஓர் இரும்பு மலையே இருக்கையில்!

அந்த மலையை நம்பித் தம் வாழ்வைப் பணயம் வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். ஜோஸையா மார்ஷல் ஹீத் என்பது அவர் பெயர். சென்னையில் கும்பினி உத்தியோகம் பார்த்தவர். அதை உதறிவிட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் உலை மூட்டினார். தாது சேலத்திலிருந்து வரவேண்டும். நிலக்கரி கிடையாது, காட்டை வெட்டிக் கரி சுடவேண்டும். கும்பினி ஸர்க்கார் கடன் கொடுத்தது. இரும்பு நல்ல இரும்புதான். சீமையில் மெனாய் ஜலசந்தியின்மேல் எழுந்த பிரிட்டானியா பாலத்திலேயே அது சேர்ந்திருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்கில்தான் லாபம் தோன்றவில்லை.

துரை ஷெபீல்டு நகரத்துக்குப் போனார். நம் கொல்லர்கள் மூசையில் உருக்கு வார்க்கும் விதத்தை ஆராய்ந்து எழுதியவர் அவர். 1839-ல், உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு உருக்கின் விலை இறங்கிற்று; முதலாளிமார் கொழித்தார்கள். காப்புரிமைக் கட்டணம் மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. அவருடைய முகவராக இருந்தவரே, அதே பொருள்களைத் தனித்தனியாக மூசையில் போட்டுவிட்டு, ‘இது உமது முறையன்று’ என்று வாதாடினார்! வழக்கு வருஷக்கணக்காக நடந்தது. 1851-ல் ஹீத் காலமானார். 1855-ல் பிரபுக்கள் சபை அவர் கட்சிக்கு விரோதமாகத் தீர்ப்பளித்தது.

இதே காலத்தில் ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்தில் ஆல்பிரட் குருப் என்ற பதினாலு வயதுப் பிள்ளை, 1826-ல் தகப்பனார் விட்டுச்சென்ற கடனும் ஏழெட்டுத் தொழிலாளிகளும் கொண்ட பட்டறையை ஏற்றான். 1887-ல் அவன் இறக்கும்போது ஏறக்குறைய 20,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். குருப்புக்குச் சாமர்த்தியம் அதிகம் என்பார் சிலர். இருக்கலாம். ஆனால் ஜெர்மானிய ரயில்கள் அவன் வார்த்த சக்கரப் பட்டையை வாங்கின. பிரஷ்ய ராஜாங்கம் அவன் பீரங்கியை வாங்கிற்று. நம் நாட்டு ரயிலுக்கு எங்கே வாங்குவது என்பதோ லண்டனில் தீர்மானமாயிற்று. கடன் கொடுத்த கை, கொள்முதல் செய்ய நீளவில்லை.

பரங்கிப்பேட்டை உலைகள் பின்னர் அவிந்தன. 1981-ல் சேலத்தில் உருக்காலை வந்தது. அதுவும் தொடக்கத்தில் வெளியூர் உருக்கை வாங்கித்தான் தகடாக்கிற்று; கஞ்சமலைத் தாது மலையிலேயே கிடக்கிறது.