புது மைக் வேலை செய்யலையா? முதல்ல வளையத்தை எண்ணுங்க

சாத்தான்குளத்துல இருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் வர்றதுன்னா ஒரு நாள் பொழப்பு போச்சு. அதனால வீடியோ கால்ல டாக்டரைப் பார்க்கிறதை நான் ஆதரிக்கிறவன். 2020 மார்ச்லயே அதுக்கு முறையான வழிகாட்டுதல் வந்தாச்சு. இ-சஞ்சீவனில காசும் கிடையாது.

ஆனா மக்களே, அதுல பாதி வைத்தியம் காதுலதான் நடக்கு. இன்சுலின் நாலு யூனிட்டா, நாப்பது யூனிட்டா? வார்த்தையோட வால் அறுந்துட்டா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் கேக்கும்.

பேச்சு கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். கேட்டா, "புது காலர் மைக் மாட்டிருக்கோமே சார்"ம்பாங்க. மைக் சட்டையில இருக்கு, சத்தம் வர்றது லேப்டாப்போட சொந்த மைக்ல இருந்து!

முன்னெல்லாம் மைக்குக்கு ஒரு ஓட்டை, ஹெட்போனுக்கு ஒரு ஓட்டை. இப்ப பல லேப்டாப்ல ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணே ஒண்ணு. அது நாலு தொடுமுனை உள்ள பிளக்கை எதிர்பார்க்குது: இடது காது, வலது காது, எர்த், மைக். உங்க பிளக்கைக் கையில எடுத்து, உலோகத்துக்கு நடுவுல ஓடுற பிளாஸ்டிக் வளையத்தை எண்ணுங்க. 3 இருந்தா சரி. 2 இருந்தா அதோட அடிப்பகுதி எர்த்தையும் மைக்கையும் சேர்த்தே தொட்டு ஷார்ட் ஆக்கிரும். லேப்டாப்பும் "ஏதோ ஹெட்போன்"னு நினைச்சுக்கிட்டு சொந்த மைக்லயே ஓட்டும். ஒரு எச்சரிக்கைகூட வராது. எனக்குக் கோபம் வர்றது இங்கதான். ஓட்டையை மிச்சம் பிடிச்ச கம்பெனிக்கு லாபம், நல்ல மைக்கைக் குப்பையில போடுறது நாம.

சந்தேகமா? சவுண்ட் செட்டிங்ஸ்ல இன்புட் பகுதியைத் திறந்துட்டு, காலர் மைக்கை நகத்தால தட்டுங்க. அப்புறம் திரைக்கு மேல, கேமரா பக்கத்துல தட்டுங்க. எதுக்குக் கோடு எகிறுதோ அதுதான் உயிரோட இருக்கு. நெஞ்சைத் தட்டிப் பார்க்கிறது எங்களுக்குப் பழகின வேலைதானே!

மருந்து, ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர். கடையில ரெண்டு ஹெட்போன் மாட்டுற ஸ்ப்ளிட்டரைத் தூக்கிக் குடுத்துருவாங்க, பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கும். ஒரு முனையில 3 வளையம், மறுமுனையில மைக் படம் போட்ட ஓட்டை ஒண்ணு, ஹெட்போன் படம் போட்ட ஓட்டை ஒண்ணு. அதைக் கேட்டு வாங்குங்க. விண்டோஸை ஃபார்மட் பண்ணச் சொல்லுற மருமகனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க.

3 வளையம் இருந்தும் வரலையா? பிளக் முழுசா உள்ள போயிருக்கா, இன்புட்ல எந்த மைக் தேர்வாகியிருக்கு, பிரைவசி செட்டிங்ஸ்ல மைக் அனுமதி இருக்கான்னு பாருங்க. இனிமேதான் வாங்கப் போறீங்கன்னா யூஎஸ்பி மைக்கே வாங்கிருங்க, இந்த வளையக் கணக்கே வேண்டாம்.

இன்னொண்ணு. இரைச்சலைக் குறைக்கிற வசதியை டாக்டர்கிட்ட பேசுறப்ப மட்டும் அணைச்சு வைங்க. உங்க இருமலையும் இளைப்பையும் அது இரைச்சல்னு நினைச்சு அழிச்சிரலாம். அந்தச் சத்தம்தான் எங்களுக்கு வேணும்.

மைக் சரியாகுற வரைக்கும் போன்லயே பேசுங்க. மருந்து அளவை மட்டும் சாட்ல, எண்ணாவும் எழுத்தாவும், எழுதி வாங்கிக்கிடுங்க.