ரேம் போட்டா பறக்குமா?

"ஒரு ரேம் போடுங்க தம்பி, சும்மா பறக்கும்!"

இந்த வசனத்தை நம்பி நான் தொலைத்தது 1,200 ரூபாய். பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறி, பார்க்கில் இறங்கி, வேகாத வெயிலில் ரிச்சி தெருவுக்கு நடந்து போய்த் தொலைத்தேன்.

அக்கா +2 படிக்கும்போது கிடைத்த அரசு லேப்டாப் அது. 2011-ல் ஆரம்பித்த திட்டம். இப்போது என் ப்ராஜக்டுக்கு அதுதான் கதி. கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை ஜிபி?" நானும் பெருமையாக "நாலு" என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஸ்லாட்டில் நுழையவே இல்லை. என்னுடையது டிடிஆர்3, அவர் கொடுத்தது டிடிஆர்4. திரும்பப் போனால், "பிரிச்ச பொருளை எடுக்க மாட்டோம்".

"கடைக்காரருக்குத் தெரியாததா, உனக்கு எதுக்குடா இந்த ஆராய்ச்சி?" என்கிறார்கள் வகுப்பில். மக்களே, கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் தப்பாக வாங்கினால் காசு போவது அவருக்கு இல்லை, நமக்கு!

விஷயம் ரொம்ப சிம்பிள். ஹார்ட் டிஸ்க் பரண் மாதிரி, ரேம் அடுப்படி மேடை மாதிரி. மேடை சின்னதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பரணில் ஏறி இறங்க வேண்டும். ஆனால் எல்லா மேடையும் எல்லா அடுப்படிக்கும் பொருந்தாது. லேப்டாப் ரேமில் டிடிஆர்3-க்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் இருக்கும் வெட்டும் இடம் மாறும். அழுத்தினால் நுழையாது, உடையும். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35, டிடிஆர்4 1.2.

இன்னொரு கூத்தைக் கேளுங்கள். சரியான ரேமே கிடைத்திருந்தாலும் எனக்குப் பிரயோஜனம் பாதிதான். அதில் இருந்தது 32 பிட் விண்டோஸ். இருக்கிற 2 ஜிபியோடு 4 சேர்த்து 6 ஆக்கினாலும் அது 4-க்கு மேல் எட்டிப் பார்க்காது. இதையும் யாரும் கேட்கவில்லை.

அதனால் காசை எடுக்கும் முன் நான்கு விஷயம் பாருங்கள். ஒன்று, ரேம் நிஜமாகவே நிரம்புகிறதா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து வழக்கமான வேலையைச் செய்யுங்கள். பாதிகூட நிரம்பவில்லை என்றால் குற்றவாளி ரேம் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்காக இருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள். இரண்டு, எந்தத் தலைமுறை? மூன்று, காலி ஸ்லாட் உண்டா, போர்டு அதிகபட்சம் எவ்வளவு தாங்கும்? நான்கு, 64 பிட்டா? வேகம் கொஞ்சம் வேறுபட்டால் பெரும்பாலும் பரவாயில்லை, இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும்.

புது லேப்டாப் வாங்குபவர்களுக்கு ஐந்தாவது கேள்வி: ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்களா? ஆமாம் என்றால், ஸ்லாட்டும் தனியாக இல்லாதபட்சத்தில், நாளைக்கு ரிச்சி தெருவே திரண்டு வந்தாலும் ஒன்றும் ஏற்ற முடியாது. இதை விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

"எத்தனை ஜிபி?" என்று மட்டும் கேட்கிற கடையா? பேசாமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். போகும்போது லேப்டாப்பையும் கையோடு கொண்டு போங்கள். நான் வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அந்த ரேம் இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.