பூனையும் நாயும் செய்த சமாதானம்



சென்ற வாரம் ஒரு மாலையில், வீட்டு ஜெபத்திற்காக நம் சபைக் குடும்பம் ஒன்றின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். திண்ணையில் இரண்டு சிறுவர்கள் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்து, ஒரே கைப்பேசியில் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூனை ஓடிப்போய்ச் சுவரில் மோதி அப்பளமாய்த் தட்டையானது. சிறுவர் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தனர். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பாட்டியும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

அவ்விருவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். அவர்களுடைய தகப்பன்மாரோ ஒரு கிணற்றுப் பங்கின் காரணமாகச் சில ஆண்டுகளாய்ப் பேசிக்கொள்வதில்லை. இதை எழுத இருவரிடமும் அனுமதி பெற்றேன். தனித்தனியே சென்று பெற வேண்டியிருந்ததே என் துக்கம்.

“ஐயா, இப்படி அடித்துக்கொள்ளும் கார்ட்டூன்களைப் பிள்ளைகள் பார்க்கலாமா?” என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. பார்க்கலாம் என்பதே என் கருத்து. அந்த அடி நிஜமல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதோடு நீங்களும் அருகில் அமர்ந்து பாருங்கள். அப்படங்களில் பிள்ளைகளைவிட நாம் கற்க வேண்டியது அதிகம் என்று எண்ணுகிறேன்.

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்னும் இருவர் 1940-இல் இப்பூனையையும் எலியையும் படைத்தனர். 1942-இல் நாயும் வந்து சேர்ந்தது. 1958 வரை அவர்கள் உருவாக்கிய 114 குறும்படங்களுக்கு ஏழு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. 1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவிற்கு வந்தபின், கேபிள் இணைப்பு இருந்த நம் கிராமத்து வீடுகளுக்குள்ளும் அவை நுழைந்தன. மொழி தடையாக இருக்கவில்லை. ஏனெனில் அவற்றில் பெரும்பாலும் பேச்சே இல்லை. ஸ்காட் பிராட்லியின் இசைதான் பேசுகிறது. எழுத்தறியாத பாட்டியும் பள்ளிக்குச் செல்லாத குழந்தையும் ஒரே நொடியில் சிரிக்க முடிகிறது.

நாம் ஏன் சிரிக்கிறோம்? அங்கே பெரும்பாலும் ஒருவரும் சாவதில்லை. தட்டையான பூனை அடுத்த காட்சியில் எழுந்து ஓடுகிறது. நாய் விட்ட குத்து வடுவை விட்டுச்செல்வதில்லை. ஏழெட்டு நிமிடங்களில் எல்லாம் முடிந்து, மறுபடத்தில் மூன்றும் புதிதாய்த் தொடங்குகின்றன. பகை இருந்தும் காயம் இல்லாத ஓர் உலகம் அது. அப்படிப்பட்ட உலகை நம் உள்ளம் ஏங்கித் தேடுகிறது. நம் வீடுகளிலோ ஒரு சொல்லால் உண்டான காயம் ஒரு தலைமுறை கடந்தும் ஆறுவதில்லை.

அப்படங்களுள் 1948-இல் வெளிவந்த ஒன்று என் மனதை விட்டு அகலவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். அதில் நாய்க்குச் சண்டை சலித்துவிடுகிறது. நாய், பூனை, எலி ஆகிய மூன்றும் ஒரு சமாதான ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிடுகின்றன. ஒன்றாய் வாழ்கின்றன, ஒன்றாய் உண்கின்றன, ஆபத்தில் ஒன்றையொன்று காக்கின்றன. பின்பு ஒரு நாள், இறைச்சி வண்டியிலிருந்து பெரிய இறைச்சித் துண்டு ஒன்று அவற்றின் முன் விழுகிறது. மூன்று வயிறுகளுக்கும் போதுமான துண்டு. ஆனால் பங்கு பிரிக்க முற்படும்போது ஒவ்வொன்றும் தனக்கே பெரும்பாகம் வரும்படி கோடு போடுகிறது. சண்டை மூளுகிறது. இறைச்சி சாக்கடைக்குள் போய்விடுகிறது, ஒப்பந்தத்தாள் கிழிபடுகிறது, மூன்றும் மறுபடியும் அடித்துக்கொள்கின்றன.

கவனியுங்கள், அவற்றின் சமாதானம் பஞ்சத்தில் முறியவில்லை, நிறைவில்தான் முறிந்தது. பங்கு பிரிக்க ஒன்றும் இல்லாதவரை ஒப்பந்தம் நிலைத்தது. தகப்பனார் உயிரோடிருந்த காலத்தில் நாமும் நல்ல சகோதரர்களாய்த்தான் இருந்தோம், அல்லவா?

செஞ்சிக்குச் செல்லும்போதெல்லாம் நாம் காணும் கோட்டையும் இதையே சொல்கிறது. மராட்டிய மன்னர் ராஜாராம் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தார். மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் கோட்டையை முற்றுகையிட்டார். ஒரு கட்டத்தில் முற்றுகையிட்டவரையே மராட்டியப் படைகள் சூழ்ந்துகொண்டன. 1693-இன் தொடக்கத்தில் அவர் உடன்பாடு செய்துகொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். களைப்பினால் உண்டான சமாதானம் அது. மனம் மாறியதால் உண்டானதன்று. ஆகவே முற்றுகை மீண்டும் தொடங்கியது. 1698-இல் கோட்டை வீழ்ந்தபோது ராஜாராம் ஏற்கெனவே தப்பிச் சென்றிருந்தார். எலி தப்பியது, பூனைக்கு வளை மட்டும் மிஞ்சியது. இன்று அக்கோட்டை அவ்விருவருக்கும் சொந்தமில்லை. 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. நாம் பிள்ளைகளோடு சென்று படம் எடுத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் உடையாத சமாதானம் எது? ஆதியாகமம் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். ஆபிராமுக்கும் லோத்துக்கும் மந்தைகள் பெருகின. மேய்ப்பர்களுக்குள் சண்டை வந்தது. அங்கும் குறைவல்ல, நிறைவே சண்டைக்குக் காரணம். ஆபிராம் மூத்தவர், அழைப்பைப் பெற்றவர், பங்கு பிரிக்கும் உரிமை அவர் கையில் இருந்தது. அவரோ முதலில் தெரிந்துகொள்ளும் உரிமையை இளையவனுக்குக் கொடுத்தார். லோத்து நீர்வளமுள்ள சமவெளியை எடுத்துக்கொண்டான். ஆபிராம் தடுக்கவில்லை. கையில் கத்தி இருந்தும் தனக்காக வெட்டிக்கொள்ளாதவனே சமாதானம் பண்ணுகிறவன்.

இதைப் பிரசங்கிக்க எனக்குத் தகுதியில்லை என்று சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறேன். என் தகப்பனார் மறைந்தபின் எங்கள் மல்லாட்டைக் கொல்லையைப் பாகம் பிரித்தது நான். தம்பி அப்போது வெளியூரில் வேலையிலிருந்தான். சென்ட் கணக்கில் சரிபாதிதான்; ஆனால் சாலையோரப் பாதி என்னுடையதாயிற்று. அவன் வந்து பார்த்து, “நீங்க செஞ்சா சரிதாண்ணே” என்று மட்டும் சொன்னான். பதினோரு ஆண்டுகள் அந்தச் சொல்லை நான் சம்மதம் என்று எண்ணியிருந்தேன். அந்த 1948-ஆம் ஆண்டுப் படத்தில் பூனை கோடு போடுவதைக் கண்டபோதுதான், அது சம்மதமன்று, வாயடைத்த துக்கம் என்று விளங்கிற்று. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கடந்த திங்கட்கிழமை அவனைத் தொலைபேசியில் அழைத்து, எந்தப் பாதி வேண்டும் என்று நீயே சொல் என்றேன். வெகுநேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறினான். இன்னும் சொல்லவில்லை, காத்திருக்கிறேன்.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு கார்ட்டூன் பாருங்கள், நன்றாய்ச் சிரியுங்கள். பின்பு உங்களை நீங்களே கேளுங்கள்: நான் போட்ட கோடு எது? வரப்பா, கிணற்று முறையா, அம்மாவின் நகையா, வீட்டு வாசலா? அதை மறுபடியும் அளக்கும்படி யாரிடம் நான் போக வேண்டும்? காணிக்கை கொண்டுவருகிறவன் முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்ததை அறிவீர்கள். வருகிற ஞாயிறு ஆராதனைக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன.

அந்தத் திண்ணைச் சிறுவர்களிடம் இருந்தது ஒரே கைப்பேசி. யார் பிடிப்பது என்பதில் அவர்களுக்குள் வழக்கு எழவில்லை. படம் முடியும்வரை ஆளுக்கு ஒரு ஓரமாய்ப் பிடித்திருந்தார்கள். அவர்களுடைய தகப்பன்மாருக்காகவும், எனக்காகவும் என் தம்பிக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

சமாதானத்தின் தேவன்தாமே உங்கள் ஒவ்வொரு வீட்டிலும் வாசம்பண்ணுவாராக. ஆமென்.