யாருடைய சுதந்திரம்?

சர்க்காரின் கை நீளக் கூடாது, வரிப்பளு குறையவேண்டும், ஜனங்களை அவரவர் போக்கில் வாழவிட வேண்டும் என்று சொல்லி வோட்டுக் கேட்கும் அபேட்சகர்கள் ஜனநாயகம் நடக்கும் தேசங்கள் எல்லாவற்றிலும் தோன்றுகிறார்கள். அவர்களைச் செல்வர்களின் கையாட்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது சுலபம். சுதந்திர வீரர்கள் என்று புகழ்ந்துவிடுவதும் சுலபம். இரண்டும் விசாரணையாகமாட்டா. இத்தகைய அபேட்சகர் ஒருவரின் கொள்கையை எடைபோடும் முறையைக் கற்க விரும்புவோருக்கு, அமெரிக்காவில் 1964-ம் வருஷம் நடந்த ஜனாதிபதித் தேர்தலைப் போன்ற பாடம் வேறு கிடைப்பது அரிது. அத்தேர்தலில் ரிபப்ளிகன் கட்சியின் சார்பில் நின்று தோற்றவர் பாரி கோல்ட்வாட்டர்.

அவர் 1909-ம் வருஷம் பீனிக்ஸ் நகரில் பிறந்தவர். அப்போது அரிஸோனா ஒரு ராஜ்யமாகக்கூட ஆகவில்லை. குடும்பத்துக்குப் பெரிய ஜவுளிக்கடை உண்டு. 1953-ல் ஸெனட் சபைக்குள் நுழைந்த அவர், 1960-ல் தம் பெயரில் வெளியான ‘ஒரு கன்ஸர்வேடிவின் மனச்சாட்சி’ என்ற சிறு புத்தகத்தின் மூலம் தேச முழுவதும் அறியப்பட்டார். அவருடைய சித்தாந்தம் ஒரு வரியில் அடங்கக்கூடியது: அரசியல் சட்டம் எந்த அதிகாரத்தை வெளிப்படையாகக் கொடுத்திருக்கிறதோ அதற்கு மேல் ஓர் அங்குலமும் சமஷ்டி சர்க்கார் நகரக் கூடாது. இந்த ஒரு விதையிலிருந்துதான் அவருடைய பொருளாதாரக் கொள்கையும் சமூகக் கொள்கையும் கிளைத்தன.

முதலில் பொருளாதாரத்தைப் பார்ப்போம். செல்வம் ஏற ஏற வரி விகிதமும் ஏறுவது அநீதி, யாவருக்கும் ஒரே விகிதம் இருக்கவேண்டும் என்று அவர் எழுதினார். 1963 வரையில் அமெரிக்காவில் வருமான வரியின் உச்ச விகிதம் 100-க்கு 91 ஆக இருந்தது என்பதை நினைவில் வைத்தால் இந்தக் கூக்குரலின் காரணம் விளங்கும். விவசாயிகளுக்கு அளிக்கும் விலை ஆதரவை நிறுத்த வேண்டும் என்றார். முதியோருக்குப் பென்ஷன் அளிக்கும் சமூகக் காப்புத் திட்டத்தில் சேருவதும் சேராததும் அவரவர் விருப்பமாக இருக்கலாம் என்று 1964 ஜனவரியில் சொன்னார். டென்னெஸி பள்ளத்தாக்கில் அணைகள் கட்டி மின்சாரம் அளித்துவந்த சர்க்கார் ஸ்தாபனத்தை விற்றுவிடலாம் என்றார். முதியோருக்கு வைத்திய உதவி அளிக்கும் மசோதாவை எதிர்த்தார். இவற்றோடு, கட்டாய ராணுவ சேவையை ஒழிப்பதாகவும் வாக்களித்தார். பிந்திய இவ்வாக்குறுதி அவருக்கு வோட்டுச் சேர்க்கவில்லை. ஆயினும் கொள்கையில் அவர் பாரபட்சம் பார்க்காதவர் என்பதற்கு அது சாட்சி.

இவற்றில் பலவற்றோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இவை கண்ணியமாக வாதித்துத் தீர்க்கவேண்டிய விஷயங்கள் என்பதை மறுக்கமாட்டோம். வேண்டுமானால் ஒன்று கேட்கலாம். டென்னெஸியின் அணைகளை விற்கச் சொன்னவர், கொலராடோ நதியின் ஜலத்தைப் பாலைவனத்தின் குறுக்கே பீனிக்ஸுக்குக் கொண்டுவரும் மத்திய அரிஸோனாத் திட்டத்தை மட்டும் ஆதரித்தது எவ்வாறு? 1968-ல் அனுமதி பெற்ற அத்திட்டம் சமஷ்டி சர்க்காரின் பணத்தில் எழுந்ததேயன்றி வேறல்ல. அயலூர்க் கால்வாய் சர்க்காரின் அத்துமீறல். தம்மூர்க் கால்வாய் தேவை! இந்தப் பலவீனம் கோல்ட்வாட்டருக்கு மட்டும் உரியதல்லவாதலால் இதை இம்மட்டோடு விடுகிறோம்.

அவரை உண்மையில் சோதித்தது வேறொரு மசோதா. ஹோட்டல், போஜனசாலை, நாடகக் கொட்டகை ஆகியவற்றில் நிறம் பார்த்து ஒருவரை வெளியே நிறுத்தக் கூடாது. வேலை கொடுப்பதிலும் நிறம் பார்க்கக் கூடாது என்று விதித்த சிவில் உரிமை மசோதா 1964 ஜூன் 19-ந் தேதி ஸெனட் சபையில் 73-க்கு 27 என்ற வோட்டில் நிறைவேறியது. ரிபப்ளிகன் ஸெனட்டர்களில் 27 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் ஆறே பேர். அந்த அறுவரில் ஒருவர் கோல்ட்வாட்டர். அடுத்த மாதமே அவருடைய கட்சி ஸான்பிரான்ஸிஸ்கோவில் கூடி அவரை ஜனாதிபதி அபேட்சகராகத் தெரிந்தெடுத்தது.

அவர் நிறத்துவேஷம் கொண்டவரா? இல்லை என்றே நாம் கருதுகிறோம். 1957, 1960-ம் வருஷங்களின் சிவில் உரிமைச் சட்டங்களை அவர் ஆதரித்தார். அரிஸோனாவின் வான்படைக் காவற் பிரிவில் நிறப்பிரிவினை ஒழிய முயன்றவர்களில் அவரும் ஒருவர். அவருடைய ஆட்சேபம் சட்ட சம்பந்தமானது: சர்க்காரின் பள்ளிக்கூடத்தில் பேதம் கூடாது, வோட்டுரிமையில் பேதம் கூடாது, ஆனால் தனி மனிதனுடைய கடை அவனுடைய சொத்து, அங்கே யாரை அனுமதிப்பது என்று சமஷ்டி சர்க்கார் உத்தரவிட அரசியல் சட்டத்தில் இடமில்லை. மனிதர்களின் மனத்தைச் சட்டத்தால் மாற்ற முடியாது என்பதும் அவர் வாதம்.

வக்கீல் தொழிலில் பழகியவர்கள் இந்த வாதத்தை அலட்சியம் செய்யமாட்டார்கள். கேட்பதற்கு நேர்மையாக இருக்கிறது. ஆனால் இதன் அடித்தளத்தில் ஒரு பெரிய பொய்த்தோற்றம் இருக்கிறது. தென் ராஜ்யங்களில் சர்க்கார் அதுவரை ஒதுங்கி நின்றது போலவும், புதிய சட்டம்தான் அதை உள்ளே இழுத்துவிட்டது போலவும் இது பேசுகிறது. உண்மை என்ன? 1960-ல் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் சிற்றுண்டி மேடையில் உட்கார்ந்தபின், அந்த முறை தெற்கெங்கும் பரவிற்று. உட்கார்ந்தவர்களை ஊர் ஊராக வெளியேற்றிக் கைது செய்தது யார்? போலீஸ். அத்துமீறி நுழைந்ததாகத் தண்டித்தது யார்? கோர்ட்டு. பல இடங்களில், இரு நிறத்தாருக்கும் சேர்த்துப் பரிமாற விரும்பிய கடைக்காரனைக்கூட உள்ளூர்ச் சட்டமே தடுத்தது. ஆகவே சர்க்கார் அங்கே ஏற்கனவே இருந்தது. கடைக்காரனின் பக்கத்தில் தடியோடு இருந்தது. அந்நிலையில் ‘சர்க்கார் தலையிடக் கூடாது’ என்பதன் அர்த்தம், அது இருந்த பக்கத்திலேயே இருக்கட்டும் என்பதுதான்.

அட்லாண்டா நகரில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டல், கறுப்பர்களுக்கு இடம் தர மறுத்து வழக்காடியது. 1964 டிசம்பர் 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அபிப்பிராய பேதமின்றி அந்த வாதத்தைத் தள்ளியது. ராஜ்யங்களுக்கிடையே நடக்கும் வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு உண்டு. பிரயாணி தங்க இடமின்றித் தவிப்பது அந்த வர்த்தகத்தைப் பாதிக்கிறது என்பது தீர்ப்பு. கடைகள், ஹோட்டல்கள், பொதுப் போஜனசாலைகள் ஆகியவற்றில் ஜாதி மத பேதம் காட்டக் கூடாது என்பதை 1950-லேயே அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்தில் எழுதிவைத்த தேசத்தார் நாம். கடை என்பது வெறும் சொத்து மட்டும் அல்ல, தெருவைப் பார்த்துத் திறந்த கதவு என்பதை நம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

ஸெனட் வோட்டுக்குப் பின் இரண்டாம் நாள், ஜூன் 21-ந் தேதி, மிஸிஸிப்பியில் கறுப்பர்களை வோட்டர் ஜாபிதாவில் சேர்க்கும் இயக்கத்தில் ஈடுபட்டிருந்த மூன்று இளைஞர்கள் கொலையுண்டார்கள். அந்த ராஜ்யத்தில் வயதுவந்த கறுப்பர்களில் அவ்வருஷம் ஜாபிதாவில் இடம் பெற்றிருந்தவர்கள் 100-க்கு ஏறக்குறைய ஏழு பேரே. நவம்பரில் தேர்தல் நடந்தது. ஜான்ஸனுக்கு 486 தேர்தல் கல்லூரி வோட்டுகள், கோல்ட்வாட்டருக்கு 52. அவர் ஜயித்தவை ஆறு ராஜ்யங்கள்: சொந்த ஊரான அரிஸோனா, பிறகு அலபாமா, ஜார்ஜியா, லூயிஸியானா, மிஸிஸிப்பி, தென் கரோலினா. மிஸிஸிப்பியில் மட்டும் அவருக்கு 100-க்கு 87 வோட்டு. அணை விற்பதையும் வரி விகிதத்தையும் கேட்டா மிஸிஸிப்பி அவருக்கு வோட்டளித்தது? அவர் சுதந்திரம் என்று சொன்னார். அவர்கள் தங்கள் ஆதிக்கம் என்று கேட்டுக்கொண்டார்கள். அபேட்சகரின் நெஞ்சில் விஷம் இல்லாமலிருக்கலாம். ஆனால் அவர் திறந்துவிட்ட வாய்க்காலில் என்ன பாய்ந்தது என்பதற்கு அவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

பிந்திய சரித்திரம் விசித்திரமானது. அவருடைய பெருந்தோல்வி காங்கிரஸில் ஜான்ஸன் கட்சிக்கு அளித்த பலத்தினாலேயே, அவர் எதிர்த்த முதியோர் வைத்தியத் திட்டம் 1965-ல் சட்டமாயிற்று. மறுபுறம், அவருக்காக 1964 அக்டோபரில் பிரசங்கம் செய்த ரொனால்ட் ரீகன் 1980-ல் ஜனாதிபதியாகத் தெரிந்தெடுக்கப்பட்டார். வருமான வரியின் உச்ச விகிதம் 1988-க்குள் 100-க்கு 28 ஆக இறங்கிற்று. கட்டாய ராணுவ சேவை 1973-ல் முடிந்தது. பொருளாதாரத்தில் தோற்றவரின் கொள்கைகள் சில பின்னால் ஜயித்தன. ஆனால் 1956-ல் கறுப்பர்களிடையே பத்தில் நான்கு வோட்டை நெருங்கிப் பெற்ற கட்சி, 1964-ல் இழந்த அந்த நம்பிக்கையை அதன்பின் மீட்கவேயில்லை.

கோல்ட்வாட்டருக்கு நியாயம் செய்ய இன்னொன்றும் சொல்லவேண்டும். முதுமையில் அவர் தம் கட்சியின் மதத் தீவிரவாதிகளோடு மோதினார். கருவுற்ற பெண்ணின் முடிவில் சர்க்கார் குறுக்கிடலாகாது என்றார். ஒருபால் விருப்பமுடையவர்களை ராணுவத்தில் சேர்க்கத் தடை கூடாது என்று 1993-ல் வெளிப்படையாக எழுதினார். அதே சித்தாந்தம்தான், ஆனால் இம்முறை அது பலவீனர்களின் பக்கம் நின்றது. சித்தாந்தம் மாறவில்லை, அதன் நிழல் விழுந்த இடம் மாறிற்று.

இதில்தான் நாம் தேடிய அளவுகோல் இருக்கிறது. கொடுங்கோலன் சர்க்கார் ஒன்றே என்று நம்பியது கோல்ட்வாட்டரின் பிழை. ஊர் வழக்கமும் கொடுங்கோலனாகும், முதலாளியும் ஆவான், அண்டைவீட்டானும் ஆவான். சர்க்காரைக் குறைப்பேன் என்று வரும் அபேட்சகரிடம் அவருடைய யோக்கியதையைப் பற்றி மட்டும் விசாரித்தால் போதாது. சர்க்கார் எழுந்துபோன நாற்காலியில் யார் வந்து உட்காருவார் என்று கேட்கவேண்டும். அங்கே பிரஜை உட்காருவானாகில் அந்த அபேட்சகரை ஆதரிக்கலாம். பழைய எஜமானன் உட்காருவானாகில், அவர் எவ்வளவு நல்லவராயினும், வோட்டை வேறு பெட்டியில் போடுவதே விவேகம்.